டெஸ்டர் எரிந்தால் போதாது

தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி, அஞ்செட்டிப் பக்கம் மோட்டார் வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “மூணு பேஸ்லயும் டெஸ்டர் எரியுதுங்க, மோட்டார்தான் எடுக்க மாட்டேங்குது.” அடுத்து, மோட்டார் போய்விட்டது என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். ஆயிரம் அடி ஆழத்திலிருந்து பைப்பையும் கேபிளையும் மேலே இழுக்க வண்டி, ஆள், ஒரு நாள் வேலை என்று ஏற்பாடும் நடக்கும். அந்த முடிவு பல நேரம் தவறு. தவறுக்குக் காரணம், வோல்ட்டை மட்டும் பார்த்து மின்சாரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட், ஆம்பியர் இரண்டையும் சேர்த்து எடுத்து, வகுத்து ஓமையும் பெருக்கி வாட்டையும் கண்டுபிடிக்காதவரை ஒரு இணைப்பைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்பதே என் கட்சி. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படித்தவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள்தான். மோட்டார் ரூமுக்குள் அதை எடுத்துப் போகிறவர்கள் குறைவு.

டெஸ்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் கைப்பிடிக்குள் சிறிய நியான் விளக்கும், அதோடு தொடரில் ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டன்ஸும் இருக்கின்றன. 230 வோல்ட்டை அந்தப் பத்து லட்சத்தால் வகுத்தால் 0.00023 ஆம்பியர். இவ்வளவு கொஞ்சம் கரண்ட் போவதால்தான் நாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உயிரோடு நிற்கிறோம். இப்போது கட்-அவுட்டில் ஃபியூஸ் பிடிக்கும் இடம் கருகி, அங்கே 1,000 ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் இழுக்கிற கரண்டுக்கு அந்தக் கருகிய இடத்தில் குறைவது கால் வோல்ட்டுக்கும் கீழே. விளக்கு எப்போதும்போல் எரியும். அதே இடத்துக்குப் பின்னால் 60 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள். அந்த பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும்போது அதன் தடை 882 ஓம். முன்னால் 1,000 ஓம் உட்கார்ந்திருப்பதால் பல்புக்குப் பாதி வோல்ட்கூடக் கிடைக்காது, மங்கிவிடும். பத்து குதிரைத் திறன் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிவிட்டால் இது தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த மீட்டரின் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம், டெஸ்டரைவிடக் குறைவாகவே கரண்ட் இழுக்கும். எங்கேயும் இணைக்காமல் மற்றொரு கம்பிக்குப் பக்கத்தில் ஓடுகிற வெற்றுக் கம்பியில்கூட அது எண்பது, நூறு வோல்ட் என்று காட்டும். பழைய ஆட்கள் ஹோல்டரில் பல்பு மாட்டி, இரண்டு வயரைத் தொங்கவிட்டு டெஸ்ட் லாம்ப் என்று வைத்திருப்பார்கள். பல்பு சுமை கொடுத்துச் சோதிக்கிறது என்பதால், இந்த ஒரு வேலைக்கு விலை உயர்ந்த மீட்டரைவிட அதுவே உண்மையைச் சொல்லும். ஆனால் கண்ணாடி உடையும், வயர் நைந்துபோகும், கை தவறினால் ஷார்ட் ஆகும். அதைப் பயன்படுத்தச் சொல்லி இளைஞர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. ஜெர்மன் பள்ளி ஆசிரியர் கியோர்க் சைமன் ஓம் 1820களில் கம்பிகளை அளக்கத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்த பேட்டரிகள் சுமை ஏறியதும் சோர்ந்துவிடும். காலையில் எடுத்த அளவு மதியத்துக்குப் பொருந்தவில்லை. பிறகு ஒருவர் சொன்ன யோசனைப்படி செம்பையும் பிஸ்மத்தையும் சேர்த்து, ஒரு இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆட்டம் இல்லாத வோல்ட்டை உண்டாக்கிக்கொண்டார். அதன் பிறகே அவருடைய விதி கணக்கில் நின்றது. 1827இல் புத்தகமாக வந்தது, தன் நாட்டில் பெரிதாக மதிக்கப்படவில்லை, 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் கொடுத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜூல் என்பவர், கம்பியில் பிறக்கும் வெப்பம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று அளந்து காட்டினார். நம் வேலைக்கு இந்த இருவர் போதும்.

இனி ஸ்டார்டர் பெட்டிக்குள் போவோம். மோட்டார் ஓடுகிறது, ஒவ்வொரு பேஸிலும் 18 ஆம்பியர். கிளாம்ப் மீட்டரின் வாயை ஒற்றைக் கம்பியைச் சுற்றி மட்டும் மூட வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் சுழியம்தான் வரும். ஒரு லக்கின் பக்கம் வயரின் பிவிசி உறை மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகியிருக்கிறது, போல்ட்டின் அடியில் வாஷர் நீலம் பூத்திருக்கிறது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை வயரின் செம்பிலும் மற்றதை அந்த டெர்மினலின் உலோகத்திலும் வைத்துப் பார்த்தால், ஒரே புள்ளியாக இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட் காட்டுகிறது. 3ஐ 18ஆல் வகுத்தால் 0.167 ஓம். 3ஐ 18ஆல் பெருக்கினால் 54 வாட். விரல் நகம் அளவுள்ள இடத்தில், பட்டறையில் ஈயம் உருக்கும் 60 வாட் சால்டரிங் அயர்னுக்கு இணையான சூடு, மோட்டார் ஓடும் நேரமெல்லாம். பக்கத்து பேஸில் நன்றாக முறுக்கிய லக்கில் அதே சோதனை 0.018 வோல்ட் காட்டும்: ஓமில் ஆயிரத்தில் ஒன்று, வாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மோட்டாரை நிறுத்தி, மெயினை இறக்கி, மீட்டரை ஓமில் வைத்து இதே இரண்டு லக்குகளையும் அளந்தால் என்ன தெரியும்? மீட்டரின் இரண்டு வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கிறது. கெட்டதும் நல்லதும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். 54 வாட் எரிகிற இடத்தை அது ‘சரி’ என்று சொல்லிவிடும். பெரும்பாலான இணைப்புக் கோளாறுகள் இப்படித்தான் கண்ணுக்கு முன்னாலேயே தப்பிக்கின்றன. அவை தானாக ஆறுவதும் இல்லை. சூட்டில் உலோகம் துரு ஏறும், துரு ஏறினால் தடை கூடும், மோட்டார் தனக்கு வேண்டிய கரண்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் தடை இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும். ஒரு நாள் அந்த பேஸ் விழும், மிச்சம் இரண்டு பேஸில் மோட்டார் உறுமும், காயில் கருகும்.

கேபிளுக்கு வருவோம். இந்த வட்டாரத்தின் அடியில் கரும்பாறை. போர்கள் ஆயிரம் அடியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். 300 மீட்டர் ஆழத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃபிளாட் கேபிள் இறக்கினால் ஒரு கோருக்கு ஏறத்தாழ 1.5 ஓம். 18 ஆம்பியரில் கோர் ஒன்றுக்கு 27 வோல்ட் போய்விடும். மூன்று பேஸ் கணக்கில் மேலே 415 கொடுத்தால் கீழே மோட்டாரின் முனையில் 370 பக்கம்தான் நிற்கும். வாட்டைப் பாருங்கள்: 18இன் வர்க்கம் 324, அதை 1.5ஆல் பெருக்கி மூன்று கோருக்கும் கூட்டினால் 1,458 வாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட். பத்து குதிரை மோட்டாரை ஓட்ட, ஏறத்தாழ இரண்டு குதிரையைக் கேபிளே கிணற்றுத் தண்ணீரைச் சூடாக்கத் தின்றுவிடுகிறது. 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் அந்த நட்டம் 560 வாட்டுக்கு இறங்கும். கம்பியில் நட்டம் கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது என்ற இந்த ஒரே காரணத்துக்காகத்தான் 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்க வயலுக்கு 92 மைல் தூரம் மின்சாரம் கொண்டு போனவர்கள் வோல்ட்டைப் பல்லாயிரமாக உயர்த்தி, கரண்டைக் குறைத்து அனுப்பினார்கள். நாம் போர்வெல்லுக்குள் வோல்ட்டை உயர்த்த முடியாது, ஆகவே செம்பைக் கூட்ட வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விவசாயத்துக்குத் தமிழ்நாட்டில் 1990 முதல் மின்சாரம் இலவசம், மீட்டரே ஓடாத சர்வீஸில் வாட் போனால் யாருக்கு என்ன என்பார்கள். மோட்டார் வாங்குவது இலவசமில்லை, ரீவைண்டிங் இலவசமில்லை, பைப்பைத் தூக்கி இறக்குவது இலவசமில்லை. மூன்று பேஸ் வருகிற சில மணி நேரத்துக்குள் கிடைக்கிற தண்ணீர்தான் தக்காளிக்கும் ரோஜாவுக்கும் உயிர் என்கிறபோது, கீழே போய்ச் சேராத இரண்டு குதிரை நேராகத் தண்ணீர் நட்டம். கரண்ட் பில் வருகிறவனைவிட இலவச சர்வீஸ்காரனுக்கே இந்தக் கணக்கு அதிகம் தேவை. ஏனென்றால் அவனிடம் கோளாறைக் காட்டிக்கொடுக்க மாதாந்திரப் பில்கூட இல்லை.

லோ வோல்டேஜ் என்ற புகாரை எடுத்துக்கொண்டால், வோல்ட்டை மட்டும் பார்ப்பதன் ஆபத்து இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1,500 வாட் கீசரின் காயில் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை 35 ஓம். வோல்ட் 180க்கு இறங்கினால் கரண்ட் 5.1, வாட் 920க்கும் கீழே. தண்ணீர் சூடாக நேரமாகும், வேறு கெடுதல் இல்லை. மோட்டார் அப்படி அல்ல. தண்ணீரின் பாரமும் உயரமும் மாறாததால் அதற்கு வேண்டிய திறன் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. வோல்ட் குறைந்ததைக் கரண்டை ஏற்றிச் சரிக்கட்டிக்கொள்ளும். 415இல் 18 ஆம்பியர் இழுத்தது 340இல் 22 பக்கம் போகலாம். காயிலில் பிறக்கும் சூடு வர்க்கக் கணக்கில் பாதிக்குப் பாதி கூடிவிடும். ஒரே வோல்ட் குறைவு, ஒன்று அடங்குகிறது, மற்றது எரிகிறது. எது எது என்று சொல்ல ஆம்பியர் இல்லாமல் வழியே இல்லை. லைனும் இதில் சேர்ந்துகொள்கிறது. கிராமத்து எல்.டி. லைன்களில் போகிற அலுமினியக் கம்பிகளுக்கு அணில், வீசல், முயல் என்று ஆங்கிலேயன் வைத்த பிராணிப் பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. யானை நடமாடும் ஊரில் அணில் கம்பி! வீசல் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைவான தடை. ஒரு கிலோமீட்டர் தள்ளி அதன் கோடியில் நாலைந்து மோட்டார்கள் சேர்ந்து 60 ஆம்பியர் இழுத்தால் பேஸுக்கு ஐம்பது வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். போதாததற்கு எல்லாரும் ஸ்டார்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருப்பார்கள். சப்ளை வந்த நொடியில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு. அந்த நேரத்தில் டிரான்ஸ்பார்மரைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் கட்சிக்கு வலுவான மறுப்பு வேறு ஒன்று, படித்தவர்களிடமிருந்து வருவது. இது ஏ.சி., வோல்ட்டைக் கரண்டால் வகுத்தால் வருவது ரெசிஸ்டன்ஸ் அல்ல, இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்டும் அல்ல என்பார்கள். முழு உண்மை. ஒரு மோட்டார் காயிலை ஓமில் அளந்தால் 1.5 காட்டலாம். பேஸ் வோல்ட் 240ஐ அதனால் வகுத்தால் 160 ஆம்பியர் வர வேண்டும். ஓடும்போது வருவதோ 18. மீதியைத் தடுத்து நிறுத்துவது செம்பின் தடை அல்ல, காயிலின் காந்தமும் சுற்றும் ரோட்டர் எதிர்த்து உண்டாக்கும் வோல்ட்டும். அதேபோல் 415ஐ 18ஆலும் 1.732ஆலும் பெருக்கினால் வரும் 12.9 கிலோவை வாட் என்று எழுதினால் தப்பு. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உண்மையான வாட் 10.3 கிலோதான். ஆகவே மோட்டாரை ஒரு ஹீட்டராக நினைத்து வகுப்பவன் ஏமாறுவான். ஆனால் லக், கட்-அவுட், கான்டாக்டர், கேபிள், ஜாயின்ட் ஆகியவற்றில் காந்தத்தின் பங்கு மிகச் சொற்பம். அங்கே குறைகிற வோல்ட்டை அங்கே ஓடும் கரண்டால் வகுத்தால் கிடைப்பது அச்சு அசலான ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் கிடைப்பது அச்சு அசலான சூடு. நம் கோளாறுகளில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. மறுப்பு மோட்டாரின் வயிற்றுக்குள் செல்லும், வாசல்வரைக்கும் வராது.

வயிற்றுக்குள்ளும் ஒரு வழி இருக்கிறது, டி.சி. கொடுத்தால் காந்த வம்பு ஒழிந்துவிடும். டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியை எடுத்து, கரண்டைக் கட்டுப்படுத்த ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரில் போட்டு, கழற்றி வைத்த காயிலின் ஒவ்வொரு பேஸிலும் செலுத்திப் பார்க்கலாம். முதல் பேஸில் 3.4 ஆம்பியர் ஓடும்போது காயிலின் குறுக்கே 5.1 வோல்ட் என்றால் 1.5 ஓம். இரண்டாவதும் அதே. மூன்றாவதில் 3.6 ஆம்பியருக்கு 4.3 வோல்ட் என்றால் 1.2 ஓம்தான். அந்தப் பேஸில் சுற்றுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டன, எனாமல் போய்விட்டது. மீட்டரின் ஓம் அளவில் 1.8, 1.8, 1.5 என்று வயரின் தடையோடு கலந்து வரும். அனுபவம் இல்லாதவன் ‘கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று மூடிவிடுவான். பேட்டரியைக் கழற்றும் நொடியில் காயில் ஒரு உதை உதைக்கும். கை வெறும் செம்பில் இருக்கக் கூடாது.

ஓடும்போது அளப்பது ஆபத்து, நிறுத்திவிட்டு ஓம் பார்ப்பதே பாதுகாப்பு என்ற மறுப்பை நான் லேசாகத் தள்ளவில்லை. பெட்டி திறந்த நிலையில் 415 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கையை வைப்பது விளையாட்டல்ல. மலிவான மீட்டரை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. இவ்வகை மெயின் வேலைக்கென்று தரம் குறித்த மீட்டர், காய்ந்த கால், கூட ஒரு ஆள், ஒற்றைக் கையால் வேலை இவையெல்லாம் வேண்டும். இன்சுலேஷனைப் பார்க்க நிறுத்திவிட்டு மெகர்தான் போட வேண்டும், அதற்கு மாற்று இல்லை. ஆனால் நிறுத்திவிட்டுப் பார்த்து ‘சரி’ என்று சொல்லப்பட்ட பெட்டியும் பாதுகாப்பானது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாறை மண்ணில் வெயில் காலத்தில் எர்த் குழியின் தடை 20 ஓம் இருந்தால், பேஸ் பெட்டியின் தகரத்தில் பட்டாலும் 230ஐ 20ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. பெட்டி உயிரோடு நிற்கும். எர்த் வயர் கட்டியிருக்கிறது, கண்டின்யூட்டி இருக்கிறது என்பதால் இது தெரியாது. வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வோல்ட்டை மட்டும் பார்ப்பது உயிர்களை எடுக்கும் இடமும் நம் பக்கத்தில் உண்டு. ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளைப் பாருங்கள். பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் இறங்கும் வழி இது. சோலார் வேலி 8,000 வோல்ட், வீட்டு லைன் வெறும் 230 வோல்ட், ஆகவே வீட்டு லைன் சாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோலார் வேலியின் மின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை, அதுவும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும். ஒரு அதிர்வில் வெளியேறும் ஆற்றலுக்குத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்சவரம்பு 5 ஜூல், சராசரிக் கணக்கில் ஐந்து வாட்டுக்குள்தான். வீட்டு லைனில் இடைவெளி கிடையாது. ஈரக் காலும் ஈர மண்ணுமாக ஒரு உடலின் தடை 1,000 ஓம் என்று வைத்தால் 0.23 ஆம்பியர் விடாமல் ஓடும். இதயத்தை நிறுத்த அதில் ஒரு பங்கு போதும், ஐந்து ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது தூசு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. வேலிக்கு வீட்டு லைனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறவரிடம் எலக்ட்ரீஷியன் சட்டத்தையும் பாவத்தையும் சொல்லலாம்தான். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் இன்னும் நன்றாகக் கேட்கிறார்கள். வரப்பில் முதலில் கால் வைப்பது பெரும்பாலும் வீட்டு ஆளே என்பது கணக்கைப் பார்த்ததும் அவர்களுக்கே தோன்றிவிடுகிறது.

கடைசியாக, இப்போதெல்லாம் டிஜிட்டல் பேனலே வோல்ட், ஆம்பியர் எல்லாம் காட்டுகிறது, லோடு கூடினால் தானே நிறுத்துகிறது, மனிதன் கணக்குப் போட என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இப்படிக் கண்காணிப்பு இருக்கிறது, பராமரிப்புக்கு ஆட்களும் இருக்கிறார்கள். தோட்டத்துப் பேனல் கோளாறு வந்த பிறகு நிறுத்தும். எந்த இடத்தில், ஏன் என்று சொல்லாது. பேனல் 22 ஆம்பியர் என்று காட்டி நின்றால், அது லோ வோல்டேஜா, பேரிங்கா, மணல் அடைத்ததா என்பதைப் பழைய எண் ஒன்று கையில் இருந்தால்தான் பிரிக்க முடியும். அதற்குச் செலவில்லாத வழி, புது மோட்டார் இறக்கிய அன்றே ஸ்டார்டர் பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் தேதி, மூன்று வோல்ட், மூன்று ஆம்பியர் எழுதி வைப்பது. பிறகு போகும்போதெல்லாம் கீழே ஒரு வரி சேர்ப்பது. வோல்ட் மாறாமல் மூன்று ஆம்பியரும் சேர்ந்து இறங்கினால் போரில் தண்ணீர் கீழே போகிறது, மூன்றும் சேர்ந்து ஏறினால் பம்பு இறுகுகிறது, வோல்ட் இறங்கி ஆம்பியர் ஏறினால் லைனைப் பார்க்க வேண்டும். ஒரு பேஸ் மட்டும் விலகினால் பைப்பைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பேனரை எடுத்து லக்குகளை முறுக்கிவிட்டு, மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.